தீட்டில் வந்த சீர்

துக்க வீட்டுக் கூடத்தில் பெரியம்மா தன் கைப்பேசியை ஒவ்வொருவர் முகத்துக்கு முன்னாலும் நீட்டியது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. திரையில் பிரிக்பீல்ட்ஸ் கோயில் கோபுரம், அதன் அடியில் அண்ணியின் பெயர். பெரியப்பா இறந்து கருமாதிகூட ஆகவில்லை.

அந்த வீட்டை ஒட்டவைத்ததே ஒரு கைப்பேசி விளையாட்டுதான். தெருத் தெருவாகப் போய், கைப்பேசியில் தோன்றும் விநோத ஜந்துக்களைப் பிடிக்க வேண்டும். நான் அப்போது கிள்ளானில் பெரியம்மா வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவர் மகனைக் கட்டிக்கொண்டு வந்த அண்ணிதான் எல்லோருக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். ஆளுக்கொரு அறையில் கிடந்தவர்கள், ஞாயிறு தவறாமல் ஒரே காரில் பிரிக்பீல்ட்ஸுக்குக் கிளம்பினோம். பெரியப்பா ஓட்டுவார். "மெதுவா லா, அங்க ஒண்ணு நிக்குது," என்பார் பெரியம்மா. கோயில், நீரூற்று என்று பேர்போன இடங்களுக்குப் பக்கத்தில் போனால் விளையாட்டில் ஓர் அன்பளிப்பு கிடைக்கும். அதை நம் நட்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கு அனுப்பலாம். எடுத்த இடத்தின் படமும் கூடவே போகும். பெரியம்மா அதற்கு வைத்த பெயர் சீர். "என்ன மருமகளே, இன்னிக்குச் சீர் வரலையே," என்று சீண்டுவார். அண்ணிக்கு அம்மா இல்லை; தாய்வீட்டுச் சீர் என்று எதுவும் வந்ததில்லை. அந்தச் சீண்டலில் அவர் பூரித்துப் போவார்.

பெரியப்பா மாரடைப்பில் திடீரென்று போனார். விடுப்பு முடிந்து அண்ணி பிரிக்பீல்ட்ஸில் இருந்த தன் அலுவலகத்துக்குத் திரும்பினார். மதியம், கோயிலுக்கு எதிரே இருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தபடியே, அத்தை கொஞ்சம் தேறட்டும் என்று ஒரு சீர் எடுத்து அனுப்பினார்.

"பாருங்க, தீட்டோட கோயிலுக்குள்ள போயிருக்கா. இவ வந்த நேரம்தான் எம்புருஷன் போயிட்டாரு," என்றார் பெரியம்மா.

விளையாட்டைப் பற்றித் தெரியாத சொந்தக்காரர்களுக்கு அந்தப் படமே போதுமானதாக இருந்தது. நான் அவர் பக்கத்தில் போய், "ரோட்டுல நின்னாலே கெடைக்கும்ல பெரியம்மா. நீங்களே கார்ல உக்காந்துதான எடுப்பீங்க," என்றேன்.

"எனக்குத் தெரியாதா? நீ சும்மா இரு லா," என்றார் தாழ்ந்த குரலில்.

தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். போன உயிருக்குப் பழி சுமக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அன்று அவர்மேல் வந்த வெறுப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

கருமாதியன்று அண்ணியை வாசல் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே பந்தி நடந்தது. இலை போட்டுக்கொண்டிருந்த அண்ணன் நிமிர்ந்தே பார்க்கவில்லை. வெயிலில் வெகுநேரம் நின்ற அண்ணி, பிறகு டாக்சி பிடித்து செராஸில் இருந்த தன் அக்கா வீட்டுக்குப் போனார். அண்ணன் பலமுறை போய்க் கூப்பிட்டும் அவர் திரும்பி வரவில்லை. அண்ணனும் வேலையைச் சாக்காக வைத்து ஜொகூருக்குப் போய்விட்டான்.

இப்போது பெரியம்மாவுக்கு முட்டி தேய்ந்து கட்டிலே கதி. விளையாட்டை மட்டும் விடவில்லை. ஆனால் நடக்க முடியாதவருக்கு யாராவது சீர் அனுப்பினால்தான் உண்டு. அண்ணியோ கருமாதியன்றே அவரைத் தன் நட்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டிருந்தார். மறுபடி சேர்த்துக்கொள்ளச் சொல்லி, பெரியம்மா தினமும் காலையில் அவருக்கு அழைப்பு அனுப்புகிறார். "அவ இன்னும் பாக்கல போல," என்று என்னிடம் சொல்கிறார்.

போன வாரம் செராஸில் அண்ணியைப் பார்த்தபோது, அந்த அழைப்புகளைப் பார்த்தாரா என்று கேட்டுவிட்டேன். அவர் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"பாத்தேனே. தெனமும் வருது. வரட்டும்."