இருநூற்று நாற்பது கொழுந்துகள்

ஒரு தேயிலைச் செடிக்குள் ஆயிரக்கணக்கான மரபணுக்கள் இருக்கின்றன, அவை எல்லாம் ஒரே சத்தத்தில் பேசுவதில்லை என்று புரிந்த அன்று எனக்குச் சோறே இறங்கவில்லை. எங்கள் லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய தோட்டத்து வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு ரேடியோ இருந்தது. ஒரே பாட்டுதான் ஓடும். ஒரு வீட்டில் காதைப் பிளக்கும், அடுத்த வீட்டில் முணுமுணுக்கும். செடிகளும் அப்படித்தான். ஒரே மரபணு ஒரு செடியில் உரக்கப் பேசும், பக்கத்துச் செடியில் வாயே திறக்காது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு, டி.என்.ஏ.யில் எங்கோ மாறிக் கிடக்கிற ஓர் எழுத்து. எந்தத் திருகு எந்த ரேடியோவுக்கு என்று கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி.

கண்டுபிடிக்கிற வழி புள்ளியியல். இந்த எழுத்து உள்ள செடிகளில் இந்த மரபணு உரக்கப் பேசுகிறதா என்று ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு மரபணுவுக்கும் கணினியைக் கேட்க வேண்டும். லட்சக்கணக்கான கேள்விகள். அத்தனை கேட்டால் சிலவற்றுக்குத் தற்செயலாகவே ‘ஆமாம்’ என்று வந்துவிடும். அதனால் செடிகளின் எண்களை வேண்டுமென்றே கலைத்துப் போட்டு மறுபடி கேட்போம். அப்போது வருகிற ‘ஆமாம்’ எல்லாம் பொய் என்று தெரியும், உண்மையை அதோடு ஒப்பிடலாம். இந்தத் தந்திரத்தைக் கேள்விப்பட்டபோது எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். எனக்குப் பிடித்துப்போனால் உட்கார முடியாது.

இதற்கு ஒன்றைப்போல் ஒன்று இல்லாத செடிகள் வேண்டும். இப்போது தோட்டங்களில் கிளை வெட்டி வளர்க்கிற தேயிலைதான் அதிகம், எல்லாம் ஒரே செடியின் நகல். நான் பிறந்த தோட்டத்தில், உடப்புசல்லாவைப் பக்கம், விதை போட்டு முளைத்த பழைய தேயிலை ஒரு மலையில் மிச்சம் இருந்தது. அதையும் பிடுங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். தோட்டத்தை நடத்துகிற துரை அனுமதி தந்தார். பன்னிரண்டு நிரை, நிரைக்கு இருபது செடி. செடிக்குச் செடி அட்டை கட்டினால் அது கொழுந்தோடு பையில் விழும் என்று மறுத்துவிட்டார்கள். சரி, எண்ணிக்கொள்ளலாம் என்றேன்.

டி.என்.ஏ. மாறாதது, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். மூன்று நாள் நானே ஆற அமர எடுத்தேன். ஆனால் மரபணு பேசுகிற சத்தம் ஆர்.என்.ஏ.யில் இருக்கிறது, அது வெயில் ஏற ஏற மாறும். இருநூற்று நாற்பது செடியிலும் இரண்டு மணி நேரத்துக்குள் கொழுந்து எடுத்துக் குழாயில் போட்டாக வேண்டும். என் கைக்கு அது ஆகாது. நான் கொழுந்து பறித்ததே இல்லை. பள்ளிக்கூடம், ஹட்டனில் டியூஷன், கண்டிப் பக்கம் பல்கலைக்கழகம் என்று போய்விட்டவள். அக்காதான் அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அவளைக் கேட்டேன். நான் ரோட்டோரம் ஐஸ் பெட்டியோடு நின்றேன். எண் போட்ட குழாய்களை நிரைக்கு ஒரு கட்டாக வாங்கிக்கொண்டு அவள் மூடுபனிக்குள் ஏறிப்போனாள். இரண்டு மணி நேரம் ஆகுமுன்பே முடித்துவிட்டாள். அத்தனை கைவேகம்.

முடிவு வந்தது. சப்பென்று இருந்தது. உரக்கத் தெரிய வேண்டியதெல்லாம் லேசாகத் தலைகாட்டியது, அவ்வளவுதான். கலைத்துப் போட்டதற்கும் உண்மைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. என் பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார்.

“பிள்ளை, செடியில பிழையில்லை. எடுத்த ஆள் மாறிமாறி எடுத்துப் போட்டுது போல. உம்மட அக்காதானே எடுத்தவ?”

எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. அதை அவர்மேல் காட்ட முடியுமா? அக்காவுக்கு போன் எடுத்து, கவனமா எடுத்தியா என்று கேட்டேன். கேட்ட விதம் கேள்வி மாதிரி இல்லை.

“நான் ஒரு செடிய விடலை, ஒரு கொழுந்த மாத்திப் போடலை” என்றாள். “இத்தன வருசமா நெர எடுக்கிறேன். இருபது வரைக்கும் எண்ணத் தெரியாதுன்னு நெனச்சியா?” போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எப்போது எடுத்தாலும் அவள் புருஷன், மச்சான்தான் பேசினார். அக்கா குளிக்கிறா என்பார். மூன்று மாதமாக அக்கா குளித்துக்கொண்டே இருந்தாள்.

இதற்கிடையில் அந்த மலையைப் பிடுங்கிவிட்டார்கள். மறுபடி எடுக்க ஒரு செடி கிடையாது. அக்கா எடுத்தது சரியாக இருந்தால் என் ஆராய்ச்சி உண்டு, இல்லையென்றால் இல்லை.

ஒரு சனிக்கிழமை, என் வாடகை அறையில் உட்கார்ந்திருந்தபோது அந்த யோசனை வந்தது. லேசாகவாவது தலைகாட்டிய மரபணுக்கள் சில இருக்கின்றனவே. அவற்றை வைத்து ஒவ்வொரு ஆர்.என்.ஏ. குழாயும் எந்தச் செடியின் டி.என்.ஏ.யோடு நன்றாகப் பொருந்துகிறது என்று தேடினால் என்ன? எண்ணை நம்ப வேண்டாம், செடியே தன்னைச் சொல்லட்டும். ஒரு வரைபடம் போட்டேன்: பக்கவாட்டில் செடியின் எண், மேல்வாக்கில் குழாயின் எண். எல்லாம் சரியென்றால் சாய்வாக ஒரே கோடு வரும். அக்கா ஏனோதானோ என்று எடுத்திருந்தால் கடுகு கொட்டினாற்போல் சிதறும்.

இரண்டுமே வரவில்லை. முதல் நிரை அழகான கோடு. இரண்டாம் நிரையில் கோடு திரும்பி எதிர்ப்பக்கம் சாய்ந்தது. முதல் குழாய் கடைசிச் செடியோடு பொருந்தியது, கடைசிக் குழாய் முதல் செடியோடு. மூன்றாவது நேர். நான்காவது திருப்பம். பன்னிரண்டு நிரையும் அப்படியே, ஒரு செடிகூடப் பிசகவில்லை. ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி. அக்கா நடந்த வழி திரையில் கிடந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொழுந்து எடுப்பவர்கள் ஒரு நிரையில் ஏறினால் அடுத்த நிரையில் எடுத்துக்கொண்டே இறங்குவார்கள். லயத்தில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். நான் ஒவ்வொரு நிரையையும் ரோட்டிலிருந்தே எண்ணியிருந்தேன், கொப்பியில் வரி எழுதுகிற மாதிரி. இரண்டு இரண்டு கட்டாக அவள் கொண்டுவந்து தந்தபோதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆறு நிரையின் எண்களைத் திருப்பிப் போட்டு மறுபடி ஓட்டினேன். மத்தியானத்துக்குள் திருகுகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. இலையில் கொப்புள நோய் வரும்போது குரல் கொடுக்கிற மரபணு ஒன்றுக்குத் திருகு பக்கத்திலேயே இருந்தது. அறைக்குள் எத்தனை தடவை நடந்தேனோ தெரியாது, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். பேராசிரியருக்கு போன் எடுத்துச் சொன்னேன். “அக்காவிட்ட நான் மன்னிப்புக் கேட்டதெண்டு சொல்லும், பிள்ளை” என்றார்.

திங்கட்கிழமை முதல் ரயிலில் நானுஓயா, நுவரெலியாவில் பஸ் மாறி, தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் விடவில்லை. அத்தனை பேர் முன்னாலும் லேப்டாப்பைத் திறந்து அவள் முன்னால் பிடித்தேன்.

“அக்கா, இது நீ. இது ஒண்ணாவது நெர, ஏறுற. இது ரெண்டாவது, எறங்குற.”

அவள் குனிந்து பார்த்தாள். “ஆமா. வேற எப்படிப் போவாங்க? மேல போயிட்டு வெறுங்கையோட எறங்கி வந்து மறுபடி ஏறுறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?”

“நான் அப்படித்தான் போனேன். மூணு நாளு.”

வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. பேராசிரியர் சொன்னதைச் சொன்னேன். நான் பேசியது தப்பு, என் எண்தான் பிழை, நீ எடுத்ததில் ஒன்றுகூடத் தவறவில்லை என்றேன்.

அவள் பையைத் தராசில் மாட்டி, எடை பார்த்து, இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“கவனமா எடுத்தியான்னுதான கேட்ட. எந்தப் பக்கமா போனன்னு கேட்டியா?”

கேட்கவில்லை. மூன்று மாதமாகக் கணினியிடம் லட்சக்கணக்கில் கேள்வி கேட்டேன். பதில் தெரிந்தவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், அதையும் பதிலுக்காகக் கேட்கவில்லை.