பெரிய கேலக்ஸிக்கு நடு நாற்காலி

ஊரில் பாதிப் பேர் சாப்ட்வேருக்கும் மீதிப் பேர் சிங்கப்பூருக்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலத்தில், நான் கேலக்ஸிகளைப் படிக்கக் கிளம்பினேன். முனைவர் பட்டம் வாங்கி, ஐரோப்பாவில் வேலையும் கிடைத்த பிறகுதான் குடவாசல் பக்கத்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கு என் நினைவு வந்தது. பாராட்டு விழா என்றார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: மேடையில் என் அப்பாவுக்கு ஒரு நாற்காலி.

"அது இல்லாமலாங்க?" என்றார் தலைமையாசிரியர்.

போய்ப் பார்த்தால் மூன்றே நாற்காலிகள். இரண்டு ஓரத்திலும் தலைமையாசிரியருக்கொன்று, எனக்கொன்று. நடுவில், துண்டு விரித்த பெரிய நாற்காலி மிராசுதார் மகனுக்கு. அமெரிக்காவிலிருந்து வந்தவர், பள்ளிக்கு இரண்டு கம்ப்யூட்டர் கொடுத்திருந்தார். அவர்கள் வயலில்தான் அப்பா ஒரு காலத்தில் பண்ணையாளாக இருந்தார். இப்போது கீழே மைக்செட்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சிறப்பு விருந்தினரான மிராசுதார் மகன் முக்கால் மணி நேரம் பேசினார். தாராளமயம் தனக்குக் கதவைத் திறந்த கதை, தன் வீட்டு நீச்சல் குளம், கடைசியில் மறக்காமல் நான். "நம்ம பண்ணையில வளந்த பொண்ணு!" பண்ணை நாயையும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

என் முறை வந்ததும், எழுதி வைத்திருந்ததை மடித்துவிட்டேன். கேலக்ஸிகள் கூட்டமாக நெருக்கியடிக்கும் இடத்தில் புதிதாக வந்து விழுகிற கேலக்ஸி தன் வாயுவைப் பறிகொடுக்கும், வாயு போனால் விண்மீன் பிறக்காது என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். ரேடியோ அலைகளை வைத்துத்தான் எங்கே எவ்வளவு பிறக்கிறது என்று பார்க்கிறோம். "ஆனா கூட்டத்துக்கு நடுவுல பெருசா ஒண்ணு உக்காந்திருக்கும். அதை மட்டும் நம்பிடாதீங்க. ரேடியோ சத்தம் அதுலதான் ஜாஸ்தி வரும். அது உள்ள இருக்கற கருந்துளை போடுற சத்தம். புதுசா பொறக்கறது ஒண்ணும் பெருசா இருக்காது."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மிராசுதார் மகன் அதைவிடப் பலமாகக் கைதட்டி, "எக்ஸலண்ட்!" என்றார்.

நான் இறங்கிப் போய் அப்பாவின் கையைப் பிடித்தேன். "என் நாற்காலியில வந்து உக்காருங்கப்பா."

"வேணாம் பாப்பா. அவங்க வயலை நமக்கே வித்தாச்சு, அவங்க வீடு கல்யாண மண்டபமாயிடுச்சு. பாவம், இந்த ஊர்ல உக்கார அவருக்கு அந்த நாற்காலி ஒண்ணுதான் மிச்சம். அவரோட நமக்கென்ன போட்டி?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடிக்க விடாமல் அப்பா கேட்டார்: "நீ திரும்பிப் போக டிக்கெட்டு எப்ப?"

"நாளைக்குப்பா" என்றேன், மேடையில் இருந்த என் நாற்காலியைப் பார்த்தபடி. வெட்கமாக இருந்தது.