நான் அழித்த பண்டிகை

என் மருமகள் கம்ப்யூட்டரில் வைத்திருந்த ஒரு பண்டிகை நாளை என் கையாலேயே அழித்தேன். அழித்ததோடு நிற்காமல், அழிக்கவில்லை என்று பொய்யும் சொன்னேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும். ஆகட்டும். இதை வேறு யாரிடமும் சொல்லி எழுத வைக்க எனக்கு இஷ்டமில்லை.

மருமகள் முழுகாமல் இருப்பது இது மூன்றாவது தடவை. முதல் தடவை ஐந்தாம் மாதத்தில் போய்விட்டது. இரண்டாவது, போன வருஷம் ஆறாம் மாதத்தில். இந்தத் தடவை நாள் தள்ளிப்போனதுமே பாண்டிச்சேரி டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாத்ரூம் போகவும் குளிக்கவும் மட்டும்தான் எழுந்திருக்க வேண்டும், மற்ற நேரமெல்லாம் படுக்கைதான். முக்கியமாக மனசில் பயம் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது. பயத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

மகன் கம்பெனிக்குப் போய்விடுவான். நான் விடியற்காலையில் உப்பளத்துக்குப் போய் உப்பு வாரிவிட்டுப் பதினொரு மணிக்குள் திரும்பிவிடுவேன். வந்து பார்த்தால் அவள் ஒருக்களித்துப் படுத்தபடி லேப்டாப்பில் அந்த விளையாட்டைத்தான் ஆடிக்கொண்டிருப்பாள். அதில் ஒரு வீடு. வீட்டில் ஆட்கள். சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், கோபித்துக்கொள்கிறார்கள், கல்யாணம் கட்டுகிறார்கள். சுடுவது, ஓடுவது, புள்ளி எடுப்பது ஒன்றும் கிடையாது.

“இதுல என்னாம்மா விளையாட்டு இருக்குது? இதத்தான் நான் அறுபத்தஞ்சு வருசமா பண்ணிக்கினு இருக்கேன்” என்றேன்.

“நீங்க ஜெயிச்சீங்களா, தோத்தீங்களா அத்தை?”

“நான் எதுக்குடி தோக்கணும்?”

அந்த விளையாட்டுக்குள் ஒரு காலண்டர் இருந்தது. ஒரு பருவத்துக்கு ஏழே நாள், நாலு பருவம் சேர்ந்தால் ஒரு வருஷம். எந்த நாளில் மழை என்று முன்னாடியே மேகப் படம் போட்டிருக்கும். சொன்னபடி பெய்தும் விடும். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். நாங்கள் காற்றை மோந்து பார்த்து, கடலைப் பார்த்து, மேஸ்திரி முகத்தைப் பார்த்து, அப்படியும் பாதி நாள் ஏமாந்து நிற்கிறோம்.

அந்தக் காலண்டரில் ஏற்கெனவே சில பண்டிகைகள் இருந்தன. எந்த ஊர்ப் பண்டிகையோ. அவள் ஒவ்வொன்றாக அழுத்தி, கீழே இருக்கும் குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தி, அழித்தாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள்.

“இது இருக்கட்டும் அத்தை. இது எங்க கிறிஸ்மஸ்.”

அவள் வேதக்கார வீட்டுப் பெண். என் மகன் இஷ்டப்பட்டுக் கட்டிக்கொண்டான். ஒரு வருஷம் அவளோடு பேசாமல் இருந்தேன். பிறகு பேசினேன். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அழித்த இடத்தில் அவள் புதுசாக வைத்தாள். பெயர் கொடுக்க வேண்டும், ஒரு படம் கொடுக்க வேண்டும், ஒரு நிறம் கொடுக்க வேண்டும். வேலைக்கு லீவா, பள்ளிக்கூடத்துக்கு லீவா என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதையும் ஒரு வரிசையில் இருந்து பொறுக்கி எடுக்க வேண்டும். விருந்து, அலங்காரம், பரிசு கொடுப்பது, இப்படி. செய்யாமல் விட்டால் அந்த ஆட்களுக்கு முகம் வாடிப்போகும். பொங்கல் வைத்தாள். எனக்காக மாசி மகம் வைத்தாள். அதற்கு என்ன செய்வது என்று தேடிப் பார்த்து, மீன் பிடிப்பதைப் போட்டாள்.

“சாமி கடலுக்கு வர்ற நாள்ல மீன் புடிக்கிறாங்களா? என்னா ஊருடி அது?”

“கடலுக்குப் பக்கத்துல அதுதான் அத்தை இருக்குது. கண்டுக்காதீங்க.” சிரித்தாள். அவள் சிரித்தால் வயிறு குலுங்குமே என்று எனக்குப் பயமாக இருந்தது.

இந்தப் பண்டிகைகளோடு இன்னும் மூன்று நாட்கள் இருந்தன. இரண்டு ஊதா நிறம், மேலே ஒரு பூ. ஒன்று வெள்ளை, மேலே எரிகிற மெழுகுவத்தி. ஊதா என்னவென்று கேட்டேன். “அது சும்மா அத்தை” என்றாள். டிசம்பர் பூ நிறத்தில் அழகாக இருந்ததால் நானும் விட்டுவிட்டேன். வெள்ளையைக் கேட்டேன். “அது இப்ப சொல்ல மாட்டேன்” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் அந்த விளையாட்டில் ஒரு கிழவர் செத்ததைப் பார்த்திருந்தேன். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு ஒரு ஆள் வந்து கூட்டிக்கொண்டு போனான். அன்றிலிருந்தே அந்தப் பெட்டியின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. இப்போது வெள்ளை. அதற்கு மேல் ஒற்றைச் சுடர். தலைமாட்டில் ஒற்றை விளக்கும் வெள்ளைத் துணியும் எதற்கு வைப்பார்கள் என்று எங்கள் வீடுகளில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். போன இரண்டுக்கும் சாவு நாள் குறித்து வைத்திருக்கிறாள், வயிற்றில் ஒன்றை வைத்துக்கொண்டு தினம் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். உப்பு வாரும்போதும் அதே நினைப்பு. சோறு இறங்கவில்லை.

சித்திரை மாதம் ஒரு மத்தியானம். அவள் குளிக்கப் போனாள். லேப்டாப் கட்டிலில் திறந்தே இருந்தது, காலண்டர் தெரிந்தது. எனக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் குப்பைத்தொட்டி தெரியும். வெள்ளைக் கட்டத்தை அழுத்தினேன். தொட்டியை அழுத்தினேன். அழிக்கவா என்பது போல அது ஏதோ கேட்டது. அவள் செய்வதைப் பார்த்திருந்ததால், பச்சையாக இருந்ததை அழுத்தினேன். போய்விட்டது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

அவள் வந்து படுத்து லேப்டாப்பை இழுத்துப் பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள்.

“அத்தை, இதை யாராச்சும் தொட்டாங்களா?”

“யாரு தொடப்போறா? எனக்கு என்னா தெரியும் அதுல?”

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. இந்த வயதில் மருமகளிடம் போய் நான்தான் என்று நிற்பதா என்று ஒரு வீம்பு.

“அப்ப தானாவே போயிடுச்சா?” என்றாள். முகம் வெளுத்திருந்தது. “அது பாப்பாவுக்கு வச்ச நாள் அத்தை. ஞானஸ்நானம் குடுக்கிற நாள். எங்களுக்கு அன்னைக்கு வெள்ளைத் துணிதான், கையில மெழுகுவத்திதான்.”

 சாவு நாள் என்று நினைத்து நான் பிள்ளையுடைய நாளை அழித்திருக்கிறேன்.

“மறுபடி வச்சுக்கோயேன்” என்றேன்.

“வேணாம். தானா போனதைத் திரும்ப வைக்க எனக்குப் பயமா இருக்குது.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் அழித்ததுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பயம் போயிருக்கும். சொல்லவில்லை. அன்று சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. அவள் லேப்டாப்பை மூடிச் சுவரோரமாகச் சாய்த்துவிட்டாள். பாதி இட்லியோடு தட்டைத் தள்ளினாள். மகன் என்னிடம் “என்னாம்மா ஆச்சு அவளுக்கு?” என்று கேட்டான். “வெயிலு” என்றேன். உப்பளத்தில் பலகையால் உப்பை இழுக்கும்போது, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லிவிடுவேன் என்று நினைப்பேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த நினைப்பும் கழன்றுவிடும்.

மூன்றாம் நாள் காலையில் அவளுக்குத் துணியில் லேசாக ரத்தம் பட்டது.

மகன் ஒரு வாடகைக் கார் பிடித்து வந்தான். அவன் முன்னால் உட்கார்ந்தான். பின் சீட்டில் அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். வேகத்தடை வரும்போதெல்லாம் அவள் என் புடவையைப் பிடித்தாள். நான் டிரைவரைத் திட்டினேன். பொம்மையார்பாளையம் கிட்டே ஏதோ கல்யாண ஊர்வலம், ரோட்டை அடைத்துக்கொண்டு வண்டிகள். கார் நின்றுவிட்டது. மேளச் சத்தம். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நான்தாம்மா அழிச்சேன்” என்றேன்.

கண்ணைத் திறந்தாள்.

“அந்த வெள்ளை நாளு. நீ குளிக்கப் போனப்ப. சாவு நாளுன்னு நெனச்சிட்டேன். தானா ஒண்ணும் போவல. நான்தான் அழுத்துனேன்.”

மகன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்களா?”

“நான்தான்.”

“மூணு நாளா என்னைச் சாவடிச்சிட்டீங்களே அத்தை.” அழுதாள். அழுதுகொண்டே மூச்சை நீளமாக விட்டாள். “கடவுள் எடுத்துட்டாருன்னு நெனச்சேன். நீங்கதானா? நீங்கதானா?” என்று என் கையில் அடித்தாள். வலிக்கிற மாதிரிதான் அடித்தாள். அடிக்கட்டும் என்று இருந்தேன்.

வண்டி நகர்ந்தது. பெரிய முதலியார்சாவடி தாண்டும்போது கேட்டேன்.

“அப்ப சாவு நாளு எது?”

“ஊதா.”

“அது டிசம்பர் பூ மாதிரி அழகா இருந்துச்சே.”

“எங்க கோயில்ல சாமியார் துக்கத்துக்கு அந்த நெறத்துலதான் அங்கி போடுவாரு. ரெண்டும் ரெண்டு பேருக்கு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அன்னைக்கு எல்லாருக்கும் வேலைக்கு லீவு போட்டு வச்சிருக்கேன்.”

  பிறக்காமல் போன பிள்ளைக்கு எங்கள் வீட்டில் பால் தெளிப்பது இல்லை, கருமாதி இல்லை, படம் மாட்டுவது இல்லை, யாரும் வந்து உட்காருவதும் இல்லை. போன வருஷம் அவளை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது மகன் கூட இருந்தான். நான் மறுநாளே உப்பளத்துக்குப் போனேன். நல்ல வெயில், பாத்தி எல்லாம் உப்பு விளைந்து கிடந்தது. என்ன நடந்தாலும் வேலையை விடாதவள் என்று அன்றைக்கு மேஸ்திரி என்னைப் பத்துப் பேர் முன்னால் சொன்னார். அதைப் பெருமையாக இவளிடமே வந்து சொல்லியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தேன். குழந்தைக்குத் துடிப்பு நன்றாக இருக்கிறது, ரத்தம் நின்றால் பயமில்லை, நிற்காவிட்டால் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. பார்க்கலாம் என்ற வார்த்தையைத் தூக்கிக்கொண்டு நான்கு நாள் அங்கேயே இருந்தோம். நின்றது. வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே படுக்கைதான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு நாள் கேட்டேன். “அந்த ரெண்டாவது ஊதா, நெசத்துல என்னைக்குடி?” அவள் சொன்னாள், வைகாசியில், வருகிற வியாழக்கிழமை. எனக்கு அதற்கு மறுநாள் வாரின உப்புக் குவியல்கள் ஞாபகம் இருந்தன, நாள் ஞாபகம் இல்லை.

புதன்கிழமை மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

“நாளைக்கு நான் வரல.”

“ஏன் யக்கா, ஒடம்பு சரியில்லியா?”

“ஒடம்பு கல்லு மாதிரி இருக்குது. லீவு.”

“நாளைக்கு என்னா பண்டிகை?”

“எங்க வீட்டு லீவு. ஊருக்கு இல்ல.”

“நீ லீவுன்னு சொல்லி இப்பத்தான் கேக்குறேன் யக்கா” என்றார். வைத்துவிட்டேன்.

வியாழக்கிழமை அவள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு உட்கார்ந்தேன். என்ன செய்வது என்று தெரியவில்லை. விளையாட்டில் அந்த நாளுக்கு என்ன செய்யச் சொல்லியிருக்கிறாய் என்று கேட்டேன். ஒன்றையும் எடுக்கவில்லை, லீவு மட்டும்தான் என்றாள். கஞ்சி குடித்தோம். அவள் காலைப் பிடித்துவிட்டேன். இந்தக் குழந்தைக்கும் அப்போது ஆறாம் மாதம்தான் நடந்துகொண்டிருந்தது. அவள் திரும்பிப் படுத்தால்கூட எனக்குத் திக்கென்றது. வெள்ளை நாளைத் திரும்ப வைத்தாயா என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை.

மத்தியானம் காற்று திரும்பியது. மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. இந்நேரம் உப்பளத்தில் பெண்கள் உப்பை மூடத் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு குவியலுக்குக் குவியல் ஓடுவார்கள். என் கால் தானாக மடங்கி எழப் பார்த்தது. போன் அடித்தது, மேஸ்திரி. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது.

“போயிட்டு வாங்க அத்தை. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

“நான் நெனச்சுப்பேன்.”

போன் நின்றது. ஓட்டின் மேல் ரெண்டு சொட்டு விழுந்தது.

“அது ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையா?” என்றேன்.

“பொம்பளப் புள்ள. உங்களுக்கு யாருமே சொல்லலியா?”

“நான் கேக்கல.”

அவள் கட்டிலில் இருந்து கையைத் தொங்கவிட்டாள். நான் பிடித்துக்கொண்டேன். மழை வலுத்தது. அந்தப் பெண்ணுக்குத் தலையில் முடி இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றாள்.