முக்கொம்பன் நின்ற பாறை

சித்தப்பா இறந்த வருஷம் எங்கள் வீட்டில் தீபாவளி கிடையாது. பங்காளி சாவுக்கு ஓராண்டு பண்டிகை ஆகாது. பட்டாசும் இல்லை, பலகாரமும் இல்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே வெடித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். சித்தப்பா போனதைவிடப் பட்டாசு போனதுதான் எனக்குப் பெரிய துக்கம். பத்து வயதில் அவ்வளவு நல்ல பிள்ளை நான்!

என்னைச் சமாதானப்படுத்த, சிங்கப்பூரிலிருந்து வந்த மாமா ஒரு டைனோசர் பெட்டி கொடுத்தார். பிளாஸ்டிக் துண்டுகளைச் சேர்த்து ஒட்டினால் மூன்று கொம்புள்ள விலங்கு வரும். அதன் பெயர் வாயில் நுழையவில்லை. முக்கொம்பன் என்று வைத்தேன். அது நிற்க ஒரு பீடம், பீடத்தின் பின்புறம் சுவர்போல ஒரு பாறை. பாறைக்கு நேர் கீழே கால்களைச் செருக நான்கு ஓட்டைகள். மொட்டை மாடியில் நின்று மலைக்கோட்டையைப் பார்த்துப் பார்த்து, அந்தப் பாறைக்குக் கறுப்பு வண்ணம் அடித்தேன். லீவு முடிந்ததும் பள்ளியில் கண்காட்சி. பரிசு எனக்குத்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

அப்பா அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் மேஸ்திரி. சித்தப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார்; அங்கேதான் பாறை சரிந்து செத்தும் போனார். அப்பா சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வருவார். அந்த வாரம் வந்தவர் முக்கொம்பனைப் பார்க்கவே இல்லை. பீடத்தைக் கையில் எடுத்துப் பாறையை நகத்தால் வருடினார்.

“மலைக்கோட்டைப் பாறை இல்லம்மா இது. அதுல இப்படி அடுக்கடுக்கா இருக்காது. இது சுண்ணாம்புக்கல்லு. கடலுக்கு அடியில படிஞ்சு படிஞ்சு உண்டானது. கீழ கிடக்கிற உருண்டைக் கல்லெல்லாம் ஆத்துல உருண்டு வந்தது.”

பிறகு, பாறையின் குறுக்கே சாய்வாக ஓடிய ஒரு கீறலில் அவர் விரல் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது.

“இதுக்குக் கீழ நிக்கக் கூடாது. முன்னாடி தள்ளி நிறுத்திடுவோம்.”

“பெட்டியில போட்டிருக்கிற படத்துல அங்கதான்ப்பா நிக்குது!”

கேட்டால்தானே! ஆணியைச் சுட வைத்து, பீடத்தின் முன்விளிம்பில் நான்கு புது ஓட்டைகள் போட்டு, முக்கொம்பனைப் பிடுங்கி அங்கே நட்டார். ஒரு கால் கூழாங்கல்மேல் ஏறிக்கொள்ள, அது கோணலாகச் சாய்ந்து நின்றது. “கெடுத்துட்டீங்க! பிளாஸ்டிக் பாறை எங்கயாவது விழுமா?” என்று கத்தினேன். ஒருநாளும் கை நீட்டாத அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அப்பா பீடத்தை அலமாரியில் வைத்தார். மறுநாள் வழக்கம்போல் அரியலூர் பஸ் ஏறினார்.

அவர் தலை மறைந்ததும் முக்கொம்பனைப் பழைய ஓட்டைகளிலேயே செருகினேன். இனி யாரும் நகர்த்திவிடக் கூடாதென்று காலைச் சுற்றிப் பசையும் ஊற்றினேன். கண்காட்சியில் இரண்டாம் பரிசு கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமை அப்பா அலமாரியில் அதைப் பார்த்தார். இரண்டு விரலால் முன்னே இழுத்தார். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தார். பிறகு கொல்லைப்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவ ஆரம்பித்தார். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பல வருஷம் கழித்து, அப்பா காலமாகிப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதான் அம்மா சொன்னாள். “சித்தப்பா செத்த அன்னிக்கு, அந்தக் குவாரிப் பாறையில இருந்த கீறலைக் காலையிலயே உங்கப்பா பார்த்துட்டாரு. டீ குடிச்சிட்டு வந்து தம்பிக்கிட்ட சொல்லிக்கலாம்னு போயிட்டாரு.”

பாவி, எனக்கு என்ன தெரியும்? அன்றைக்கு அப்பா முகம் கழுவிக்கொண்டே இருந்தார். இவ்வளவு தண்ணீரை வீணாக்குகிறாரே என்று, நான்தான் போய்க் குழாயை மூடினேன்.