கூரைத் தண்ணீர் விழும் கோடு

எவ்வளவு கழுவியும் அந்தத் தகர டின்னின் மண்ணெண்ணெய் மணம் போகவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பழப்புளி போட்டுத் தேய்த்தேன். மூன்று நாள் வெயிலில் வைத்தேன். தண்ணீர் ஊற்றியதும் மேலே ஊதாவும் பச்சையுமாக ஒரு படலம் மிதந்தது...

அதுதான் என் ஆமைகளின் முதல் வீடு.

அப்போது எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்திலிருந்து முரசுமோட்டைக்குக் குடியேறி இரண்டாவது வருடம். உழவு நாளொன்றில் ஐயா வாய்க்கால் சேற்றில் கிடந்த இரண்டு ஆமைக்குஞ்சுகளைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றும் என் உள்ளங்கைக்குள் அடங்கும்.

அம்மா படியில் நின்றபடியே மறித்தா.

"இஞ்சருங்கோ, உதுகளை ஏன் கொண்டந்தனீங்கள்? ஆமை வீட்டுக்குள்ள வந்தாக் கூடாதெண்டு தெரியாதே?"

"வீட்டுக்குள்ள ஆர் விடப்போகினம்? வளவுக்குள்ளதானே."

அம்மா நிலத்தைக் காட்டினா. எங்கள் வீடு தென்னோலைக் கிடுகுக் கூரை. மழை பெய்தால் தண்ணீர் சொட்டிச் சொட்டி, வீட்டைச் சுற்றி மணலில் ஒரு கோடு விழுந்திருக்கும்.

"அந்தக் கோட்டுக்கு அங்கால என்னவும் செய்யுங்கோ. இஞ்சால வந்துதோ, ரெண்டும் திரும்ப வாய்க்காலிலைதான்."

அன்றிலிருந்து அந்தக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் நடந்தேன்.

தகரம் மத்தியானத்தில் அடுப்பாய்ச் சுட்டது. கிளிநொச்சிச் சந்தையில் வாயகன்ற எனாமல் பேசின் ஒன்றைக் காட்டி, ஆமைகளுக்கு வேண்டும் என்று கேட்டேன். ஐயா அதைத் தட்டிப் பார்த்தார், விலை கேட்டார், என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு நடந்தார்.

பிறகு வாய் உடைந்த ஒரு பானை. இரண்டும் நீந்திக்கொண்டே இருந்தன... ஏறி இருக்க இடமில்லை. பொழுது சாயும்போது ஒன்று களைத்துப்போய் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு செங்கல்லை உள்ளே வைத்தேன். உடனே ஏறிக் காலை நீட்டிப் படுத்துவிட்டது. ஆமைக்குத் தண்ணீர் எவ்வளவு தேவையோ, தண்ணீர் இல்லாத இடமும் அவ்வளவு தேவை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வளர வளரப் பானை போதவில்லை. மாட்டுத் தொட்டிக்குள் விட்டேன். மாடு குனிந்து பார்த்து, மூசிவிட்டுத் திரும்பிவிட்டது.

"மாடு தண்ணி குடியாட்டி நாளைக்குக் கலப்பையை ஆர் இழுக்கிறது? உன்ரை ஆமையோ?" என்றார் ஐயா.

ஆனால் அடுத்த நாள் மண்வெட்டியோடு அவரே வந்தார். குளிக்கிற தண்ணீர் ஓடும் கிணற்றடி வாழைகளுக்குப் பக்கத்தில் குழி வெட்டி, வயலிலிருந்து களிமண் கொண்டுவந்து, இருவருமாய் மிதித்து மிதித்துப் பூசினோம். நடுவில் மண்மேடு. கிணற்றடித் தண்ணீர் குழிக்கு வர ஒரு சின்ன வாய்க்கால். சுற்றிவரப் பனைமட்டை வேலி. ஒரு சதம் செலவில்லை.

"வயலுக்குத் தண்ணி விடுறமாதிரித்தான் பிள்ளை. அம்மா சவர்க்காரம் போட்டுத் தோய்க்கிற நாளிலை மட்டும் ஒரு மண்கட்டி வைச்சு வாய்க்காலை அடை."

ஒரு நாள் மறந்துபோனேன்.

குழி முழுக்க நுரை. பெரியதற்கு ஒன்றும் இல்லை. சின்னதற்கு இரண்டு கண்ணும் வீங்கி மூடிவிட்டன. வெளியே அடைமழை. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினேன்...

என் கட்டிலுக்குக் கீழே, சாக்கு மறைவில், ஒரு மண்சட்டியில் மூன்று நாள் வைத்திருந்தேன். அந்த மூன்று நாளும் அம்மா கட்டிலுக்குக் கீழே கூட்டவில்லை. என் நல்ல காலம் என்று நினைத்தேன். நாலாம் நாள் கண் திறந்தது. கொண்டுபோய்க் குழியில் விட்டேன்.

ஒருவரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் கன்று செத்தது. அடுத்த வருடம் ஐயா காய்ச்சலில் கிடந்தார். ஒவ்வொரு முறையும் அந்தச் சட்டிதான் கண்ணுக்குள் வந்தது.

இப்போது எனக்குப் பதின்மூன்று. யாழ்ப்பாணத்தில் விடுதியில் இருந்து படிக்கிறேன். எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் ரோச்லைட்டைப் பிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே ஓட்டுக்கூரை, அதன் விளிம்பில் மழைத்தண்ணீரை வாங்கிக்கொண்டுபோகும் பீலி. எவ்வளவு மழை பெய்தாலும் நிலத்தில் கோடு விழுவதில்லை. வீடு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை.

இந்த மார்கழியில் அம்மாவுக்குப் பிள்ளை பிறக்கும். அது தெரிந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நான் செய்ததற்கு அம்மாவுக்கு ஏதும் வந்துவிட்டால்? எல்லாவற்றையும் சொல்லி நாலு பக்கம் எழுதிப் பெட்டிக்கடியில் வைத்திருக்கிறேன். அனுப்பத் துணியவில்லை.

இன்றைக்கு அம்மாவின் கடிதம் வந்தது. பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறா.

"இஞ்ச சரியான மழை. கிணத்தடியெல்லாம் வெள்ளம். உன்ரை ஆமை ரெண்டையும் தூக்கியந்து பெரிய சட்டியொண்டிலை விட்டு உன்ரை கட்டிலுக்குக் கீழ வைச்சிருக்கிறன். ஐயா என்னைப் பாத்துச் சிரிக்கிறார். முந்தி நீ மூண்டு நாள் வைச்சிருந்தனிதானே, என்ன நடந்தது? நான் சுகமாத்தான் இருக்கிறன். நீ வடிவாச் சாப்பிடு."

பல முறை வாசித்துவிட்டேன்.

அந்த நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டேன். விடிந்ததும் பதில் அனுப்ப வேண்டும். ஒரு வரிதான் இருக்கிறது.

அம்மா, சட்டிக்குள்ள ஒரு செங்கல் வைக்க மறந்துபோகாதேங்கோ.