நடுவில் வைத்த நண்டுச் சட்டி

பந்தியிலோ கிளப்புக்கடையிலோ பரிமாறிப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சமைத்தவன் மேல் வருகிற கோபமும் நம் தலையில்தான் வந்து விழும். பாதி ஆயுசு இட்லியும் புரோட்டாவும் பரிமாறிய நான் கடைசியாக வேலை பார்த்தது, பாளையங்கோட்டையை ஒட்டின வண்ணார்பேட்டையில் ஒரு கொரியாச் சாப்பாட்டுக் கடையில். கீழே செல்போன் கடை, பக்கத்தில் பிரியாணிக் கடை, எந்நேரமும் ஆரன் சத்தம். மாடியில் நாங்கள்.

முதலாளி செல்வின், சாத்தான்குளத்துப் பையன். கொரியாவில் கப்பல் கட்டுகிற இடத்தில் வெல்டராக இருந்து சேர்த்ததை எல்லாம் இதில்தான் போட்டிருந்தான். கடை ஓடாவிட்டால் பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் விட்டுவிட்டு மறுபடி அங்கேதான் போகணும்.

பாத்திரக் கடை அண்ணாச்சி

எங்கள் கடையில் பேர்போனது ஒரு சட்டி. நண்டு, இறால், கணவாய், மட்டி எல்லாம் சிவக்கச் சிவக்க மிளகாய் விழுதில் கொதிக்கும். மேசை நடுவில் அடுப்பு, அதன் மேல் சட்டி. சுற்றி உட்கார்ந்து அவரவர் கரண்டியை அதிலேயே விட்டுக் குடிக்கணும். அந்த ஊர் வழக்கம் அப்படியாம்.

டவுணில் பாத்திரக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி குடும்பத்தோடு வந்தார். மகன் ஒரு வாய் குடித்துவிட்டு அதே கரண்டியை மறுபடி உள்ளே விட்டான். அண்ணாச்சி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சட்டி கொதித்தபடி கிடக்க, எல்லாரும் படியிறங்கினார்கள். இறங்கும்போது அண்ணாச்சி மகனிடம் சொன்னார்:

"ஏ மூதி, வாயில வச்ச கரண்டியைத் திரும்பவும் சட்டிக்குள்ள விடுதியே, இது குழம்பா இல்ல கை கழுவுத தண்ணியா?"

செல்வின் சொன்ன பதில்

இப்படியே நிறையப் பேர் எழுந்து போனார்கள். "ஆளுக்கு ஒரு கிண்ணம் வச்சிருவோம்யா" என்றேன். என்னையும் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற செல்வின் தன் கதையைச் சொன்னான். கொரியாவுக்குப் போன புதிதில் பாஷை தெரியாமல், சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூலையில் தனியாக உட்காருவானாம். ஒருநாள் மேஸ்திரி கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, தான் குடித்துக்கொண்டிருந்த சட்டியை இவன் பக்கம் நகர்த்தினாராம். கண்ணை மூடிக்கொண்டு இவனும் அதே சட்டியில் குடித்தானாம், அழுகையும் வந்ததாம்.

"அன்னைக்குத்தான் அண்ணாச்சி அந்த ஊர்ல நானும் ஒரு ஆள் ஆனேன். சட்டியைப் பிரிச்சா அது வேற கடை."

ஹாஸ்டல் பிள்ளைகள்

முகம் சுளிக்காமல் வந்தது பாளையங்கோட்டை ஹாஸ்டல் பிள்ளைகள் மட்டும்தான். கூட்டுச் சேர்ந்து சின்னச் சட்டி ஒன்று வாங்குவார்கள். போனில் படம் எடுத்து முடிப்பதற்குள் பாதி வற்றிவிடும். "ஒரே சட்டியில குடிக்கியளே, கூசலையாம்மா?" என்று கேட்டேன். ஒருத்தி சொன்னாள்:

"எங்க மெஸ் சாம்பாரையே குடிச்சிட்டோம் தாத்தா, எச்சி எங்களை என்ன செய்யும்?"

கிண்ணம் வந்த பிறகு

பரீட்சை முடிந்து அந்தப் பிள்ளைகளும் ஊருக்குப் போய்விட்டார்கள். மேசைகள் காலியாகவே கிடந்தன. ஒருநாள் காலையில் செல்வினே ஒரு சாக்கு நிறையக் கிண்ணங்களைக் கொண்டு வந்து இறக்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து சட்டி அடுப்படியிலேயே நின்றுவிட்டது. நான் கிண்ணம் கிண்ணமாக எடுத்துப் போனேன்.

ஏரலில் இருந்து வந்த வாழைக்காய் வியாபாரி ஒருவர் ஒரு வாய் குடித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். பைய என்னைக் கூப்பிட்டார்.

"எங்க வீட்டுல நண்டுக் குழம்பு இதைவிடச் சுள்ளுனு வைப்பாவே. இதைக் குடிக்கவா நான் பஸ் ஏறி வந்தேன்?"

கடைசி மத்தியானம்

அடுப்பு வைத்த மேசைகளை எல்லாம் விலை பேசின ஆட்கள் வந்து தூக்கிப் போனார்கள். ஒன்றுதான் மிச்சம். செல்வினுக்கு மறுபடி கொரியா போக விசா வந்திருந்தது. அன்றைக்கு அவனே சமைத்து, சட்டியை நடுவில் கொண்டு வந்து வைத்தான். சமையல்காரர், பாத்திரம் கழுவுகிற லூர்து, நான், மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். அத்தனை நாளும் நாங்கள் சோறும் ரசமும் தனித்தனித் தட்டில் தின்றவர்கள். லூர்துதான் முதலில் கரண்டியை விட்டாள். பிறகு நாங்கள். நான் ஒரே மடக்கில் விழுங்கினேன், இறங்கிவிட்டது.

செல்வின் மட்டும் உட்காராமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான்.

"எனக்குத் தனியா ஒரு கிண்ணத்துல ஊத்துங்க அண்ணாச்சி. சளி பிடிச்சிருக்கு, உங்களுக்கு ஒட்டிக்கிடும்."

ஒரே சட்டியில் குடித்து ஒரு ஆள் ஆனவன், எங்களை விட்டுப் போகிற நேரத்தில் தனிக் கிண்ணம் கேட்கிறான். அவனுக்குச் சளி இல்லை என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் நான் ஊற்றிக் கொடுத்தேன். பரிமாறுகிறவனுக்குக் கேட்டதைக் கொடுக்கத்தான் சம்பளம், ஏன் என்று கேட்பதற்கு இல்லை.