பனி உலகத்துக்குப் பக்கத்துக் கடை

கல்யாணமாகி ஓசூருக்கு வந்த முதல் மார்கழியில் நான் போர்வையைப் போர்த்திக்கொண்டுதான் காய் நறுக்கினேன். எனக்குக் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் ஊரில் குளிர் விடியற்காலையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஓசூரில் அது பகலிலும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. கணவர் வண்டிகளுக்கு உதிரிப் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். அவர் கிளம்பியதும் நான் கதவைச் சாத்திவிட்டு அடுப்புப் பக்கமாகப் போய் நின்றுகொள்வேன்.

இதைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் மஞ்சள் ஸ்வெட்டர் ஒன்றோடு வந்தார். "ஹாக்கோ, ஹாக்கோ" என்று சொல்லிக்கொண்டே என் தலை வழியாக அதை மாட்டிவிட்டார். அவருக்கு ஆனேக்கல் பக்கம், வீட்டில் கன்னடம். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அவர் வீட்டுக்காரரும் என் கணவரும் ஒரே கம்பெனி பஸ்ஸில் போய் வந்தார்கள். ஸ்வெட்டர் அவர் கையால் பின்னியது என்று தெரிந்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. அவருக்குத் தமிழ் வராது, எனக்குக் கன்னடம் வராது. அதனால் பாடம் முழுக்கக் கையாலேயே நடந்தது. கண்ணி தப்பினால் "பேட, பேட" என்று கையை ஆட்டுவார். நான் பிரித்துவிட்டு மறுபடி போடுவேன்.

சில வருடங்களில் எங்களுக்குப் பேச்சும் வந்தது, ஸ்வெட்டர்களும் சேர்ந்தன. பீரோவில் என் புடவைகளெல்லாம் கீழ்த்தட்டுக்குப் போய்விட்டன. இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். மகளிர் குழுக்களுக்குக் கண்காட்சிகளில் கடை தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஓசூரில் தை மாதம் நடக்கவிருந்த ஒன்றுக்கு எங்கள் தெருக் குழுவின் பெயரில் எழுதிப்போட்டோம். தை போனது. மாசியும் போனது. சித்திரையில் பதில் வந்தது. கடை ஒதுக்கியிருந்தார்கள், ஆனால் கிருஷ்ணகிரியில், கோடைக் கண்காட்சியில்.

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு ஒன்றும் பெரிய தூரமில்லை. ஆனால் சூளகிரியைத் தாண்டி இறங்க இறங்க ஜன்னல் கம்பி கையைச் சுடும். நான் பதறிப்போய், கடை ஒதுக்கியவருக்குப் போன் செய்தேன்.

"சார், நாங்க விக்கிறது கம்பளி ஸ்வெட்டரு சார்."

"சரிம்மா."

"அக்னி நட்சத்திரத்துல யாரு சார் வாங்குவா?"

"மாம்பழத்துக்குத்தாம்மா சீசன் பாக்கணும். ஸ்வெட்டர் என்ன அழுகியா போயிடும்?"

போனை வைத்துவிட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் பின்னல் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, "கரெக்டாதானே சொல்றாரு" என்றார். அப்படித்தான் இரண்டு மூட்டை ஸ்வெட்டரோடு கிருஷ்ணகிரியில் போய் இறங்கினோம். தினமும் காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்பி வருவதாக ஏற்பாடு.

கண்காட்சி முழுக்க மாம்பழம். கோபுரம் கோபுரமாக அடுக்கி வைத்திருந்தார்கள். எங்கள் கடை தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. முதல் நாள் மத்தியானத்துக்குள் ஸ்வெட்டர்களில் எல்லாம் மாம்பழ வாசனை ஏறிவிட்டது. கூடவே ஈயும் வந்தது.

கடைக்கு முதலில் வந்தவர் வேப்பனப்பள்ளிப் பக்கத்து மாந்தோப்புக்காரர். ஒரு ஸ்வெட்டரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இது இன்னாங்க?"

"ஸ்வெட்டருங்க. குளிருக்குப் போடுறது."

"எந்தக் குளிருக்கு?"

கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு, தோப்பில் காய் பறிக்கும்போது குளவி கொட்டாமல் இருக்க இது உதவுமா என்றார். அக்கா உதவும் என்றார். அதே நேரத்தில் நான் உதவாது என்றேன். அவர் இரண்டு பதிலையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்தடுத்த நாட்களில் கூட்டத்துக்குக் குறைவில்லை. தொட்டுப் பார்ப்பார்கள், தொட்ட கையால் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்கள். ராட்டினம் வேண்டும் என்று அழுத ஒரு குழந்தையை அதன் அம்மா எங்கள் முன்னால் இழுத்து வந்து, "இன்னொரு வாட்டி அழுதா இத மாட்டி உட்ருவேன்" என்றார். குழந்தை ஸ்வெட்டரைப் பார்த்தது, வாயை மூடிக்கொண்டது. அதைப் பார்த்த மற்ற அம்மாக்களும் அழுகிற பிள்ளைகளை எங்கள் கடைக்குக் கூட்டிவர ஆரம்பித்தார்கள்.

பக்கத்துக் கூடாரத்தின் பெயர் 'பனி உலகம்'. வெளியே இமயமலை வரைந்த தட்டி. உள்ளே தெர்மோகோல் மலைகள், தரை முழுக்கப் பஞ்சு, இடுப்பு உயரத்தில் பைபரில் செய்த இரண்டு பென்குவின்கள். ஒரு மூலையில் ஐஸ் கட்டிகளை அடுக்கி, பின்னால் பெரிய மின்விசிறியை ஓடவிட்டிருந்தார்கள். காலை பத்து மணி வரை அது பனி உலகம். அதற்குப் பிறகு ஐஸ் உருகி எங்கள் கடைக்குள் தண்ணீராக வரும். நடத்தியவர் ஆந்திர எல்லையில் குப்பம் ஊர்க்காரர், தெலுங்கு பேசுகிறவர். பனி உலகத்தின் முதலாளி என்பதால் அந்த வெயிலிலும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். மப்ளருக்குக் கீழே சட்டை தொப்பலாக நனைந்திருக்கும்.

அவர் ஒரு மத்தியானம் எங்களிடம் வந்து உட்கார்ந்தார்.

"அம்மா, ஒக்க மாட்ட, ஒரே ஒரு வார்த்தை. உள்ள போறவங்க எல்லாம் சட்டை பட்டனக் கழட்டிகினே வெளிய வராங்க. அதப் பாத்தா லைன்ல நிக்கறவன் டிக்கெட் வாங்குவானா?"

"அதுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்றேன்.

"உள்ள போகும்போது உங்க ஸ்வெட்டர் ஒண்ணு மாட்டி உடலாம். வெளிய வந்து கழட்டிக் குடுத்துடுவாங்க. உங்களுக்கும் வாடகை வரும்."

எனக்குக் கோபம் வந்தது. ஒவ்வொரு கண்ணியாகப் பின்னிய ஸ்வெட்டரை ஊரெல்லாம் மாட்டிக் கழற்றுவதா? "நாங்க விக்க வந்திருக்கோம், வாடகைக்கு விட வரல" என்றேன். அக்காவுக்கு அப்படித் தோன்றவில்லை. "மடிச்சு வெச்சா அது துணி. போட்டாதானே ஸ்வெட்டரு" என்றார். அடுத்த நாள் காலையிலிருந்து பனி உலகத்தின் வாசலில் நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று வருகிறவர்களுக்கு அளவு பார்த்து மாட்டிவிட்டோம்.

அதன் பிறகு நடந்ததை இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. கூடாரத்துக்குள் வெளியைவிட வெக்கை. நான் போய்ப் பார்த்தேன். ஆனால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போனவர்கள் உள்ளே கையைக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டார்கள். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி நெருங்கி நின்று நடுங்கியது. வெளியே வந்து கழற்றும்போது முதுகெல்லாம் ஈரமாக இருக்கும். ஒருவர் அந்த ஈரத்தைத் தொட்டுத் தன் தம்பியிடம் காட்டினார். "பாத்தியா, பனி உருகி நனைச்சிடுச்சு."

வரிசை ராட்டினம் வரைக்கும் நீண்டது. அக்காவும் நானும் ஈர ஸ்வெட்டர்களைக் கடைக்குப் பின்னால் கொடியில் போட்டுக் காயவைத்து, காயவைத்து எடுத்தோம். வெயிலில் அவை பத்து நிமிடத்தில் காய்ந்து உப்புப் பூத்து நின்றன.

சிங்காரப்பேட்டையிலிருந்து வந்த ஒரு விவசாயி வெளியே வந்த பிறகும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. நேராகப் போய் வெட்டவெளியில், உச்சி வெயிலில் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னாலேயே போனேன்.

"ஐயா, ஸ்வெட்டரக் குடுத்துட்டுப் போங்க."

"இரும்மா. குளிரு இன்னும் உடம்ப உட்டு எறங்கல."

முகத்தில் வியர்வை ஆறாக ஓடியது. அவர் மனைவி பக்கத்தில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நின்றிருந்தார். "கொஞ்ச நேரம் உட்ருங்கம்மா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "இந்த மனுசன் வாயத் தொறக்காம உக்காந்து நான் பாத்ததே இல்ல." அந்த அம்மாவுக்காக நானும் கொஞ்ச நேரம் விட்டேன்.

பென்குவின் விஷயத்தை ஆரம்பித்தது கூட்டத்தில் வந்த வேறொரு பெண். எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "நமக்கே இவ்ளோ குளிருதே, அந்த வாத்துக்குக் குளிராதா?" என்று கேட்டிருக்கிறார். அன்றைக்கு அதே கேள்வியை இன்னும் சிலரும் கேட்கவே, குப்பத்துக்காரர் கவலையோடு வந்தார். பென்குவின்களுக்கு இரண்டு ஸ்வெட்டர் வேண்டும் என்றார்.

அது பனியிலேயே பிறந்து வளர்கிற பறவை, அதற்குக் குளிராது என்று நான் சொல்லிப் பார்த்தேன். "அது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். டிக்கெட் வாங்கினவங்களுக்குத் தெரியல" என்றார்.

அளவெடுக்க நான்தான் போனேன். பென்குவினுக்குத் தோள் கிடையாது என்பது அதன் மேல் டேப்பை வைத்த பிறகுதான் தெரிகிறது. கழுத்து எங்கே முடிகிறது, மார்பு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. வயிற்றில் அகலமாகிக் காலில் சட்டென்று நின்றுவிடும். கழுத்திலிருந்து கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே வந்து, செட்டைக்கு இரண்டு பக்கமும் நீளமாகத் திறப்பு விட்டு, சிவப்பில் வெள்ளைக் கட்டம் வைத்துப் பின்னினேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கையில் அதுதான். மாட்டிப் பார்த்தபோது எங்கும் சுருங்கவில்லை, எங்கும் இழுக்கவில்லை. மனிதர்களுக்கு நான் பின்னியது எதுவும் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்ததில்லை. அக்கா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "சூப்பரு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை எனக்குக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது பென்குவினுக்கு நான் பாதி பின்னியிருந்தபோது முதல் ஸ்வெட்டர் திருட்டுப் போனது. காலையில் வந்து பார்த்தால் பென்குவின் வெற்றுடம்போடு நிற்கிறது. குப்பத்துக்காரர் எங்களையும் கூட்டிக்கொண்டு, கண்காட்சி வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த காவலரிடம் போனார்.

"என்ன காணாமப் போச்சு?"

"ஸ்வெட்டரு சார்" என்றேன்.

"யாரு போட்டிருந்தது?"

"பென்குவின் சார்" என்றார் குப்பத்துக்காரர்.

"வெளிநாட்டுக்காரரா?"

"பொம்மை சார். பறவை பொம்மை."

காவலர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் விசாரணையை விடவில்லை. "கை நீளம் எவ்ளோ?"

"கை இல்லைங்க சார். செட்டைக்கு ஓட்டை மட்டும்தான்."

"அப்ப அத மனுசன் போட முடியாது."

"முடியாது சார்."

"பின்ன எதுக்குத் திருடினான்?"

எனக்கு ஒரு காரணம்தான் தோன்றியது. "பின்னல் நல்லா இருந்துச்சு சார்" என்றேன். அவர் அதை மறுக்கவில்லை. யாராவது அதைப் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினால் கட்டாயம் பிடிப்பதாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். முகத்தை மட்டும் வருத்தமாக வைத்துக்கொண்டேன். அக்காவுக்கு நிஜமாகவே கோபம். திருடனை அவர் கன்னடத்தில் திட்டினார், பிறகு எனக்குப் புரிய வேண்டும் என்று தமிழிலும் திட்டினார். திருடியதற்காக இல்லை. "நம்ம கடை தெனமும் தெறந்தே கெடக்கு. அதுல ஒண்ணத் தொட்டானா அவன்?"

கண்காட்சி முடிகிற அன்றைக்குக் குப்பத்துக்காரர் வாடகைக் கணக்கைத் தீர்த்துவிட்டு, ஒரு பென்குவினையும் தூக்கிக்கொண்டு வந்தார். அடுத்த ஊரில் அவர் போடப் போவது கடல் கன்னிக் காட்சியாம். இது இனி தேவைப்படாது, பனி உலகத்தின் ஞாபகமாக நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். கடல் கன்னிக்கு வால் பின்ன முடியுமா என்றும் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. அளவு அனுப்பச் சொன்னார்.

பின்னி முடித்திருந்த இரண்டாவது ஸ்வெட்டரை பென்குவினுக்குப் போட்டுவிட்டு பஸ் ஏறினோம். கூட்டம் அதிகமில்லை. அதை எங்களுக்கு நடுவில் உட்கார வைத்தோம். கண்டக்டர் வந்தார்.

"இதுக்கு டிக்கெட்?"

"பொம்மைதானே அண்ணா" என்றேன்.

"சீட்ல உக்காந்துச்சுன்னா ஆளுதாம்மா. கீழ வெச்சா லக்கேஜு."

கீழே வைத்தோம். சூளகிரி வருவதற்குள் வானம் இருட்டிக் கோடை மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டர்களில் பாதி இறங்கவே இல்லை. சாரலும் காற்றும் உள்ளே அடித்தன. மேடு ஏற ஏற ஆட்கள் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டார்கள். உத்தனப்பள்ளிக்குப் போகிற ஒரு பெண் கைக்குழந்தையோடு எங்களுக்கு முன் சீட்டில் இருந்தாள். திரும்பித் திரும்பிப் பென்குவினைப் பார்த்தாள்.

"பொம்மைக்கே போட்டிருக்கீங்களே, புள்ளைக்கு ஒண்ணு கெடைக்குமா?"

மூட்டையைப் பிரித்து ஒரு நீல ஸ்வெட்டரைக் கொடுத்தேன். அவள் விலை கேட்டாள், பேரம் பேசாமல் வாங்கி அங்கேயே குழந்தைக்குப் போட்டுவிட்டாள். பின் சீட்டிலிருந்து ஒருவர் கையை நீட்டினார். அக்கா எழுந்து நின்று, இடது கையில் ஸ்வெட்டர்களை அடுக்கிக்கொண்டு, பஸ்ஸில் கடலை விற்கிறவர்களைப் போலவே, "ஸ்வெட்டர், ஸ்வெட்டரேய்" என்று கூவிக்கொண்டு படிக்கட்டு வரை நடந்தார். கண்காட்சியில் ஒரு தடவைகூட அவர் கூவி நான் கேட்டதில்லை. கண்டக்டரின் அளவுக்கு மட்டும் எங்களிடம் இல்லை. அவருக்கு வயிறு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. "பரவால்ல, இவளுக்கு அந்த ஷேப்பு நல்லா வரும்" என்று அக்கா என்னைக் காட்டினார். நான் டேப்பை எடுத்தேன்.

ஓசூர் பஸ் நிலையத்தில் என் கணவர் வண்டியோடு நின்றிருந்தார். நான் பென்குவினை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்குவதைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார்.

"வித்துச்சா?"

"பஸ்ல வித்துச்சு."

அவர் வண்டியைக் கிளப்பினார். அக்கா ஒரு ஆட்டோவில் மூட்டையோடு ஏறிக்கொண்டார். நான் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, பென்குவினை எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்து, முந்தானையால் அதன் தலையை மூடிப் பிடித்துக்கொண்டேன். தூறல் விடவில்லை. சிக்னலில் பக்கத்தில் வந்து நின்ற ஒருவர் குனிந்து பார்த்துவிட்டு, "கொழந்தைக்குக் காய்ச்சலா சார்?" என்று கேட்டார்.

என் கணவர் திரும்பாமலேயே, "ஆமாங்க, ரெண்டு நாளா" என்றார்.